இடம்புரி

சீனக்குடா மாவாலையில் இரவு வேலை முடித்து
வந்த கையோடு முற்றத்தில் சாக்கு விரித்தேன்.
கோதுமை வாசம் இன்னும் போகாத சாக்கு.
அதன் மேல் செயின்சோவைக் கிடத்தினேன்,
மூக்கு நீண்ட மிருகமொன்றை
வைத்தியத்துக்குக் கிடத்துவது போல.

நோய் இதுதான்:
கத்துகிறது. வெட்டவில்லை.
காற்றில் சாய்ந்த வேம்பு
பத்து நாளாய்க் கக்கூஸ் கூரையில் தலைவைத்துக் கிடக்கிறது.
விசையை அமத்தினால்
பாலையூற்று முழுக்க எழும்பும் சத்தம்.
மரத்துக்குள் சங்கிலி மட்டும்
சும்மா நிற்கும்.

அநுராதபுரச் சந்திக் கடைக்காரர் சொன்னார்,
“கிளச் தேஞ்சு போச்சு.
புது மெசினே எடுங்கோவன்.”
நான் கிளச் மட்டும் கேட்டேன்.
கொழும்பு பஸ்ஸில் வந்தது,
உள்ளங்கையில் அடங்கும் பொட்டலம்,
ஆறாயிரத்து நானூறு ரூபா.

பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள்
கயிறு விட வேண்டும், பிஸ்டன் அசையாதிருக்க.
கேமலதாவைக் கேட்காமல்
துணிக்கொடியை அவிழ்த்தேன்.
அரை முழம் நைலோனை விழுங்கி
என்ஜின் வாயடைத்தது.

பிறகு ஒரு மணித்தியாலம்.
ஸ்பானரின் வாலில் குழாய் செருகி,
குதிக்கால் ஊன்றி,
இடப்பக்கம், இடப்பக்கம், இடப்பக்கம்.
உலகத்தில் எல்லாம் அப்படித்தான் கழரும் என்று
கை நம்பிக்கொண்டிருந்தது.
வேலிக்கு அங்கால் பலீல் நானா
ஆட்டுக்குக் குழை கட்டியபடி பார்த்தார்.
விழுந்த மரத்தில் பாதி அவர் பக்கம்.
அதைப் பற்றி இருவரும் இன்னும் பேசவில்லை.

களைத்துப்போய், கிழிந்த சாரத்தில்
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.
ஊத்தை போன இடத்தில்
அரிசியளவு ஓர் அம்புக்குறி.
வலப்பக்கம் காட்டியது.

கடலில் எடுக்கிற சங்கு அநேகமாய் இடம்புரி.
கடையில் எடுக்கிற நட்டு அநேகமாய் வலம்புரி.
இது சங்குச் சாதி.
கழற்றுகிறேன் கழற்றுகிறேன் என்று
ஒரு மணித்தியாலமாய் இறுக்கியிருக்கிறேன்.
சிரிப்பு வந்தது.
பலீல் நானாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

டக்.

கையில் வந்தது பழையது:
வேகம் பிடித்தால் மட்டும் விரிந்து
வெளிச்சுவரைப் பற்ற வேண்டிய இரண்டு கட்டைகள்,
பற்றிப் பற்றி வழுவழுத்து,
இனிப் பற்ற ஒன்றுமில்லாமல்.
சுற்றியிருந்த கிண்ணம்
பாம்பு தீண்டினவன் நகம் போல் நீலம்.

அப்போதுதான் ஸ்பிரிங் ஒன்று
துள்ளி மணலுக்குள் போனது.
உடைந்த ரேடியோவின் காந்தத்தை
நூலில் கட்டி முற்றமெல்லாம் இழுத்தேன்.
வந்தவை: கொண்டை ஊசி ஒன்று,
சோடாமூடிகள்,
விரல்நகமளவில் ஓரம் கூரான இரும்புச் சில்லு.
பார்த்தவுடன் தெரியும் எந்தக் காலத்தது என்று.
அதைச் சாக்கில் வைக்கவில்லை.
மதிலுக்கு மேலே வைத்தேன்.
கடைசியாய் ஸ்பிரிங்.

புதியதை இடப்பக்கம் திருகி இறுக்கினேன்.
பேரிங்குக்குக் கிறீஸ், வாஷர், கிளிப்.
கயிற்றை உருவி, பிளக்கைப் பூட்டி
நாலாவது இழுவையில் உயிர் வந்தது.
முதலில் பார்த்தது சங்கிலியை.
என்ஜின் முனகியது, சங்கிலி அசையவில்லை.
நேற்றும் அசையவில்லைதான்;
இன்றைக்கு அது வேறு அசையாமை.

விசையை அமத்தினேன்.
வேப்பந்தூள் முகமெல்லாம் கசந்தது.
பலீல் நானா வேலி தாண்டி வந்து
கேட்காமலே கிளையின் மற்ற நுனியைப் பிடித்தார்.
“இலை எனக்கு,” என்றார். “ஆடு தின்னும்.”

பின்னேரம் கொடி பழைய இடத்தில் ஆடியது.
மகளின் வெள்ளைச் சட்டை, தோளுக்குக் குறுக்கே
கரிக்கோடு ஒன்று,
அரை முழம்.
கேமலதா அதை எனக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.
“நாளைக்குத் திங்கள்,” என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.